முன்னிருக்கையில் ஒரு தலைவர்

மதுரையிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, சங்கத்தின் வரவு செலவைப் பற்றியதன்று. ஏலக்காய் விலையைப் பற்றியதுமன்று.

"உங்க சங்கத்துல எங்க சார் சண்டை போடுவாங்க?" என்று கேட்டார்.

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்துகொண்டேன். அப்போது எண்பதுகள் தொடங்கியிருந்தன. போடிநாயக்கனூரில் ஏலத் தோட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்திய சிறு சங்கமொன்றுக்கு நான் தலைவராக இருந்தேன். எழுபதுகளின் நடுவில் பொறுப்பேற்றது முதல் என்னை எதிர்த்து எவரும் போட்டியிட்டதில்லை. நான் மதுரையில் வணிகவியல் படித்தவன். கூட்டம் கூட்டும் முறை, பொருள் நிரல், முன்மொழிதல், வழிமொழிதல் ஆகியவற்றை நூலறிவாகக் கற்று, அவற்றை எங்கள் சங்கத்துக்குக் கொண்டுவந்தவன். நான் வருவதற்கு முன்பு சங்கக் கூட்டமென்றால் ஒரே நேரத்தில் நான்கு பேர் பேசுவார்கள். ஐந்தாமவர் எழுந்து போய்விடுவார். நான் மேசையின் மேல் ஒரு மணியை வைத்தேன். அதன்பின் ஒவ்வொரு தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியது.

இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் அமைப்புகளின் நிர்வாகத்தைப் பற்றி, அதாவது ஒரு சங்கத்தில் முடிவுகள் எப்படிப் பிறக்கின்றன என்பதைப் பற்றி, முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்தார். பால் சங்கம், நெசவாளர் சங்கம், கரும்பு விவசாயிகள் சங்கம் என்று பலவற்றைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்திருந்தார்.

"ஒரு தடவைகூட மாற்றுக் கருத்து வந்ததில்லையா சார்?"

"வந்ததில்லை. தலைமை சரியாக இருந்தால் அதற்கு அவசியம் ஏற்படாது."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு, மிகுந்த பணிவோடுதான், "எல்லாச் சங்கத்துலயும் எங்கயோ ஓரிடத்துல போடுறாங்க சார். சில ஊர்ல டீக்கடையில, சில ஊர்ல கோயில் வாசல்ல. உங்க ஊர்ல எங்கன்னு இன்னும் எனக்குப் பிடிபடலை" என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் அடுத்த கூட்டத்துக்கு அவரை அழைத்தேன். எங்கள் சங்கம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அவரே கண்ணால் பார்த்து எழுதட்டும் என்பது என் எண்ணம். அந்தக் கூட்டத்துக்கு ஒரு சிறப்பும் இருந்தது.

எங்கள் வீடுகள் போடியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் இருந்தன. தோட்டங்களோ மலைக்கு மேலே, மாநில எல்லையைத் தாண்டி. பறித்த பச்சைக் காயை ஒவ்வொருவரும் தத்தம் தோட்டத்துச் சிறிய ஸ்டோரில், அதாவது விறகுச் சூட்டில் காய் உலர்த்தும் கட்டடத்தில், உலர்த்தி வந்தோம். ஒருவருடைய காய் கிளிப்பச்சையாக வரும், இன்னொருவருடையது வெளுத்துப்போகும். ஏலத்தில் வெளுத்த காயை வியாபாரிகள் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு அப்படியே போட்டுவிடுவார்கள். ஆகவே எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய ஸ்டோர் கட்ட வேண்டும் என்பது என் திட்டம். சாலையோரத்தில், ஓடைக்குப் பக்கத்தில், என் தோட்டத்து நிலத்திலேயே அதற்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தேன். வாடகை எதுவும் கேட்கவில்லை. அந்த மாதக் கூட்டத்தில் அது தீர்மானமாக வேண்டும். மழைக்கு முன் கடைக்கால் எடுக்காவிட்டால் அந்த ஆண்டுப் பறிப்புக்கு ஸ்டோர் இல்லை. என் தலைமையின் மிகப் பெரிய காரியம் இதுதான் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன்.

மாதக் கூட்டம் உறுப்பினர்களின் தோட்டத்து வீடுகளில் முறைவைத்து நடக்கும். செயற்குழு முழுவதும் ஒரே ஜீப்பில் மலையேறும். அந்த ஜீப்பின் முன்னிருக்கை, ஓட்டுநருக்குப் பக்கத்து இடம், தலைவருடையது. எனக்கு முன்பிருந்த தலைவரும் அங்கேதான் அமர்ந்தார். நான் வரும்வரை யாரும் ஏறமாட்டார்கள். நான் அமர்ந்த பிறகு மற்றவர்கள் பின்பக்கம் ஏறி, எதிரெதிர்ப் பலகைகளில் முழங்கால் இடிக்க உட்காருவார்கள். நான் ஒருபோதும் திரும்பிப் பார்த்துப் பேசியதில்லை. தலைவன் கழுத்தைத் திருப்பிப் பேசுவது அழகன்று. கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு முனகிக்கொண்டு ஏறும்போது பின்னாலிருந்து ஒரே இரைச்சலாகக் கேட்கும், சிரிப்பும் கேட்கும். ஊர்க்கதை பேசுகிறார்கள் என்று விட்டுவிடுவேன்.

அன்று காலை ஜீப்பு நிற்கும் முக்கில் அந்தப் பெண் தோள்பையோடு காத்திருந்தார். காய் பறிக்கப் போகும் பெண்கள் தூக்குவாளிகளோடு வேறு ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். "வெரசா ஏறு ஆத்தா, வெயிலு வந்துரும்" என்று எவரோ அதட்டினார்கள். எங்கள் ஜீப்பருகே ஓர் இக்கட்டு எழுந்தது. வெளியூரிலிருந்து தனியாக வந்த படித்த பெண்ணை ஆண்களுக்கு நடுவே பின்னால் நெருக்கி உட்கார வைக்க முடியாது. முன்னால் ஓட்டுநரைத் தவிர இருவர் அமரலாம்தான். ஆனால் ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, முன்பின் அறியாத ஓர் இளம்பெண்ணின் தோளோடு தோள் உரச மலையேறுவது என் மரியாதைக்குப் பொருந்தாது.

"நீங்கள் முன்னால் உட்காருங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டு, நான் பின்பக்கம் போய்ப் படியில் கால் வைத்தேன்.

என் மைத்துனன், என் மனைவியின் தம்பி, சங்கத்தின் செயலாளர், திடுக்கிட்டுப்போனான். "மச்சான், நீங்களா? இங்கயா?"

"ஏன், இடமில்லையா?"

"இருக்கு மச்சான்… இருக்கு."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராவுத்தர் தம் தோள் துண்டை எடுத்துப் பலகையைத் துடைத்தார். போடிக் கடைத்தெருவில் மளிகைக் கடையும் மலையில் தோட்டமும் வைத்திருந்தவர் அவர், குழுவில் மூத்தவர். தேவாரத்துக்காரர் தம் பெரிய உடம்பை ஒடுக்கிக்கொண்டு எனக்கு வழிவிட்டார். அவரை நாங்கள் ஊர்ப் பெயரால்தான் அழைப்போம். அவருடைய குரலை மலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கேட்கலாம் என்பார்கள்.

அன்று அந்தக் குரல் எழவேயில்லை. அடிவாரத்திலிருந்து முதல் வளைவு திரும்பியது. யாரும் வாய் திறக்கவில்லை. ராவுத்தர் இருமினார். மைத்துனன் வெளியே பார்த்தான். நானாகவே மழை எப்போது வரும் என்று கேட்டேன். "வரும்ணே" என்றார் தேவாரத்துக்காரர். அத்தோடு அதுவும் முடிந்தது. என் முன்னிலையில் இவ்வளவு அடக்கமாக இருக்கிறார்களே என்று மனத்துக்குள் மகிழ்ந்தேன். முன்னால் இருக்கும் பெண் இந்த ஒழுங்கைக் கவனிப்பார் என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஏற்றம் முடியும் மெட்டில் வழக்கம்போல் தேநீர் குடிக்க நிறுத்தினோம். கடைக்காரர் மலையாளி. என்னைப் பின்பக்கத்திலிருந்து இறங்கக் கண்டதும் அவர் கையிலிருந்த குவளை அப்படியே நின்றது. "எந்தா சாரே, இன்னு பின்னிலாணோ?" என்று கேட்டார். இன்று பின்னாலா என்பது கேள்வி. இதில் இவர் வியக்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கூட்டம் ராவுத்தரின் தோட்டத்து வீட்டில். மேசை போட்டிருந்தார்கள்; மணியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தப் பெண் மூலையில் நாற்காலி போட்டு அமர்ந்தார். நான் பொது ஸ்டோர் பற்றிய தீர்மானத்தை விளக்கமாக வாசித்துவிட்டு, "யார் முன்மொழிகிறீர்கள்?" என்றேன்.

இந்த இடத்தில் மைத்துனன் முன்மொழிவான், ராவுத்தர் வழிமொழிவார். ஆண்டுக்கணக்காக அப்படித்தான். அன்று மைத்துனன் ராவுத்தரைப் பார்த்தான். ராவுத்தர் தேவாரத்துக்காரரைப் பார்த்தார். தேவாரத்துக்காரர் கூரையைப் பார்த்தார்.

"முன்மொழிய ஆளில்லையா?" என்றேன் மறுபடி.

"பொறுங்கண்ணே" என்றார் தேவாரத்துக்காரர். "இன்னும் பேசலையே."

"பேசுவதற்குத்தானே கூடியிருக்கிறோம்?"

"அது இல்லண்ணே. நாங்க பேசிப்புட்டுத்தானே கூடுவோம்."

எனக்கு விளங்கவில்லை. அதற்குள் மைத்துனன், "தேவாரத்தாரே, சும்மா இருங்க" என்று சீறினான்.

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? போன மாசம் எறங்கயில நீ என்ன சொன்ன? மேக்கொண்டு ஏறயில முடிச்சுருவோம்னு சொன்னியா இல்லியா? ஏறயில ஊமை மாதிரி வந்தா எப்புடி முடியும்?"

"நீங்க மட்டும் பேசுனீங்களாக்கும்? யானையைக் கண்ட மாதிரி ஒடுங்கிக் கெடந்தீங்க."

"யானை வந்தா தகரத்தைத் தட்டி வெரட்டுவேன்டா மாப்ளே. தலைவரை என்னத்தத் தட்டி வெரட்டுறது?"

யாரோ சிரித்தார்கள். நான் மணியை அடித்தேன். யாரும் கேட்கவில்லை. என் ஆயுளில் அந்த மணியை அடித்தும் அமைதி வராமற்போனது அன்றுதான். ராவுத்தர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் அமர்த்திக் காட்டினார், உடனே அடங்கினார்கள். என் மணிக்கு அடங்காதவர்கள் அவருடைய உள்ளங்கைக்கு அடங்கினார்கள். அதையும் கண்டேன்.

"எங்கே பேசுவீர்கள்?" என்று கேட்டேன்.

மைத்துனன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஜீப்புலதான் மச்சான். பின்னாடி. வளைவு முடியறதுக்குள்ள சண்டை முடிஞ்சுரும். மெட்டுல நீங்க தனியா நின்னு டீ குடிக்கையில ஒரு முடிவுக்கு வந்துருவோம். அப்புறம் இங்க வந்து நான் முன்மொழிவேன், ராவுத்தர் மாமு வழிமொழிவாரு. இன்னிக்கு நீங்க பின்னாடி வந்துட்டீங்க. நாங்க எங்க போய்ப் பேசுறது?"

மூலையில் பேனா ஓடும் ஒலி நின்றிருந்தது. அந்தப் பெண் எழுதவில்லை, தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவர் குனிந்தது எனக்காக என்பது எனக்குப் புரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சரி. இப்போது இங்கேயே பேசுங்கள்" என்றேன். "ஸ்டோரில் என்ன குறை? இலவசமாக நிலம் தருகிறேன். உங்கள் காய்க்கு நிறம் வரும். இன்னும் என்ன வேண்டும்?"

ராவுத்தர்தான் பதில் சொன்னார். அவர் குரலில் சினமே இல்லை. அதனால் மேலும் சுட்டது. "தம்பி, குறை சொல்லலை. நிலம் உங்களுது. ஸ்டோரும் அதுல நிக்கும். தலைவருங்கிறதால சாவியும் உங்ககிட்ட இருக்கும். உங்க காயும் எங்க காயும் ஒண்ணா உள்ள இருக்கும். நாளைக்கு உங்க மகன் வர்றாரு, பேரன் வர்றாரு. எங்க காய் உள்ள கெடக்கையில கதவைத் திறங்கன்னு நாங்க யார்கிட்ட வந்து நிக்கிறது? அதுல எங்களுதுன்னு என்ன இருக்கு?"

நான் என் நிலத்தைக் கொடுக்கிறேன். அதைக் கண்டு இவர்கள் அஞ்சுகிறார்கள். இப்படி ஒன்று இருக்கக்கூடும் என்று எந்த நூலிலும் நான் படித்ததில்லை. கூட்டத்தை ஒத்திவைக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். ஒத்திவைப்பு என்ற சொல்லை நான் பயன்படுத்தியதும் அதுவே முதல்முறை.

அன்று அவர்களோடு நான் இறங்கவில்லை. என் தோட்டத்திலேயே தங்குவதாகச் சொல்லிவிட்டேன். ஜீப்பு கிளம்புமுன் அந்தப் பெண் என்னிடம் வந்தார்.

"சார், இதை எழுதலாமா?"

"ஊர்ப் பெயர் வேண்டாம். என் பெயர் கட்டாயம் வேண்டாம்."

"தோல்வின்னு எழுத மாட்டேன் சார். இவ்வளவு ஒழுங்கா சண்டை போட்டு முடிக்கிற சங்கத்தை நான் வேற எங்கயும் பாக்கலை."

அவர் ஆறுதலாகச் சொன்னார். சண்டை நடந்த இடத்தில் நான் மட்டும் இல்லை என்பதே எனக்குக் கேட்டது.

மைத்துனன் பின்தங்கி நின்றான். அவனிடம் கேட்டேன். "மாப்ளே, சல்லடை வைத்துக் காயைத் தரம் பிரிக்கலாம் என்று நான் தீர்மானம் கொண்டுவந்தேனே. அதுவுமா?"

"அது உங்க ஆசைன்னு எல்லாரும் விட்டுக் கொடுத்தோம் மச்சான். அதுக்குப் பதிலா ஏலம் விடுற நாளை எங்களுக்குத் தோதா மாத்திக்கிட்டோம்."

"ஏல நாளை மாற்றியது நான்."

"ஆமா மச்சான், நீங்கதான் மாத்தினீங்க. உங்களை மாத்த வச்சது நாங்க."

ஏலச்செடிகளுக்கு நடுவே பொழுது சாயும்வரை நடந்தேன். நினைவில் வந்த ஒவ்வொரு தீர்மானத்தையும் எடுத்துப் பார்த்தேன். கூலி நிர்ணயம், தோட்டக் காவல், விறகு ஒப்பந்தம். எது நான் முடிவு செய்தது, எது எனக்காக முடிவு செய்யப்பட்டது என்று பிரிக்க முடியவில்லை. அவை பெரும்பாலும் நல்ல முடிவுகளாக இருந்தன என்பது என் கலக்கத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது.

மறுநாள் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அவள் பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தம்பி அப்பப்ப சொல்லுவான். நீங்களும் தெரிஞ்சுதான் முன்னாடி உக்காந்து வர்றீங்க, பேச எடம் விடுறீங்கன்னு நினைச்சேன். ஊருல பாதிப் பேரு அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. பெரிய மனுசன், கேட்டும் கேக்காத மாதிரி வர்றாருன்னு."

முந்தைய நாளின் அதிர்ச்சியைவிட இது பெரிது. எனக்கு இல்லாத ஒரு பெருந்தன்மையை ஊர் எனக்குக் கொடுத்து வைத்திருந்தது. அதை மறுத்துச் சொன்னால் என் பெயர் கெடும். சொல்லாவிட்டால் அதற்கேற்ப நடக்க வேண்டும். விலகல் கடிதம் எழுதும் எண்ணம் அந்நேரம்வரை எனக்கு இருந்தது. அதைக் கைவிட்டேன்.

அடுத்த மாதம் ஜீப்பு முக்குக்கு நான் போனபோது எல்லோரும் முன்பே வந்திருந்தார்கள். ஒருவரும் ஏறவில்லை. நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். மழை மேகம் மலையுச்சியில் இறங்கியிருந்தது. இன்று தீர்மானம் ஆகாவிட்டால் அந்த ஆண்டு ஸ்டோர் இல்லை. நான் முன்பக்கம் போய் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். பின்னால் பெருமூச்சுகள் கேட்டன. பலகைகள் கிறீச்சிட்டன. அடிவாரம் தாண்டுமுன்பே தேவாரத்துக்காரரின் குரல் எழுந்துவிட்டது.

இரண்டு வளைவுகள் ஏறும்வரை பொறுத்தேன். பிறகு, கண்ணாடிக்கு வெளியே சாலையைப் பார்த்தபடியே, ஓட்டுநரிடம் உரக்கச் சொன்னேன். "ஏனப்பா, அந்த ஸ்டோர் நிலத்தைச் சங்கத்தின் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன?"

ஓட்டுநர் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். தோட்டத்து நிலத்தைப் பற்றித் தன்னிடம் ஏன் கேட்கிறேன் என்பது அவருக்கு விளங்கவில்லை. "அய்யா, எனக்கு என்னங்கய்யா தெரியும்…" என்றார்.

பின்னால் இரைச்சல் அறுந்து நின்றது. எஞ்சின் மட்டும் முனகியது. ஒரு வளைவு முழுதாகத் திரும்பியது.

அப்புறம் ராவுத்தரின் குரல், அதுவும் ஓட்டுநரை நோக்கித்தான் வந்தது. "ஏப்பா டிரைவரு, அவுக பாட்டன் நிலத்தை நமக்கு எதுக்கு எழுதணும்? அது பாவம். கதவுக்கு ரெண்டு பூட்டுப் போட்டாப் போதாதா? ஒரு சாவி தலைவர்கிட்ட. இன்னொண்ணு அந்த மாசம் யார் வீட்டுல கூட்டமோ அவுக கையில."

"ரெண்டு சாவியும் சேந்தாத்தான் கதவு தொறக்கும். அப்படித்தானே மாமு?" என்றான் மைத்துனன்.

இரண்டு பூட்டு. என்னிடம் ஒரு சாவி இருந்தாலும் நானாகத் திறக்க முடியாது. என் பாட்டனார் வெட்டித் திருத்திய நிலத்தில் நிற்கும் கட்டடம். முகத்தில் அறைந்தாற்போல்தான் இருந்தது. முகத்தைப் பார்க்க முன்னால் ஓட்டுநரைத் தவிர யாரும் இல்லாதது நல்லதாயிற்று.

அடுத்த வளைவில் ஓட்டுநரிடம் சொன்னேன். "பூட்டு நல்ல கனமான பித்தளையாக இருக்க வேண்டும் அப்பா. இரும்பு மலைக் காற்றுக்குத் துருப்பிடித்துவிடும்."

"சரிங்கய்யா" என்றார் அவர். பின்னால் யாரோ துண்டை உதறினார்கள். "ஏ, ஏலக்காய்க்குப் பித்தளைப் பூட்டா? எம் பொண்ணு சீருப் பெட்டிக்குக்கூடப் போடலியேடா" என்று தேவாரத்துக்காரர் தொடங்கினார். மீண்டும் இரைச்சல், சிரிப்பு, எல்லாம் வந்துவிட்டன.

அன்றைய கூட்டம் விரைவில் முடிந்தது. மைத்துனன் முன்மொழிந்தான். ராவுத்தர் வழிமொழிந்தார். வேறு எவருக்கேனும் சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டேன். அப்படி நான் அதற்கு முன் கேட்டதாக நினைவில்லை. "அதான் வர்ற வழியிலயே சொல்லியாச்சேண்ணே" என்றார் தேவாரத்துக்காரர். ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மழைக்கு முன்பே கடைக்கால் எடுத்தோம். அந்த ஆண்டுக் காய் எல்லோருக்கும் ஒரே பச்சையாக வந்தது.

அன்று திரும்பும் வழியில், ஏறும்போது மழைக்கு அஞ்சி நிறுத்தாமல் வந்த மெட்டுத் தேநீர்க் கடையில் நிறுத்தினோம். நான் முன்பக்கத்திலிருந்து இறங்குவதைக் கடைக்காரர் கண்டார். நெஞ்சில் கைவைத்து, "ஹாவூ, சார் முன்னில் தன்னே" என்றார், ஏதோ ஆபத்து நீங்கியதைப் போல. அப்பாடா, சார் முன்னால்தான் என்பது பொருள். பின்னாலிருந்தவர்கள் எல்லோரும் ஒருசேரச் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக என் மைத்துனன் இன்றுவரை சொல்லிவருகிறான். எனக்கு அப்படி நினைவில்லை.